தாராவியைக் காதால் படமெடுங்கள்

நான் மும்பைத் தாராவிக்காரி. அப்பா அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். நான் பிறந்தது சயான் ஆஸ்பத்திரியில், வளர்ந்தது 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். வீட்டில் என்னைச் சினிமாப் பைத்தியம் என்பார்கள். தமிழ், இந்தி, மராத்தி, மலையாளம் என்று எது கிடைத்தாலும் பார்ப்பேன். பார்த்ததைப் பற்றி யாரிடமாவது பேசித் தீர்க்காமல் தூக்கம் வராது. பல நாளாக மனசில் கிடக்கிற ஒரு விஷயத்தை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தமிழ் சினிமா எங்கள் தெருவை அருமையாகக் காட்டியிருக்கிறது. ஆனால் அந்தத் தெருவின் சத்தத்தையும் பேச்சையும் இன்னும் கேட்க விடவில்லை.

'நாயகன்' வந்தது 1987 தீபாவளிக்கு. மும்பைத் தமிழ் தாதா வரதராஜ முதலியாரைத் தழுவிய கதை என்பதால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதை ஒரு படமாகவே பேச மாட்டார்கள். ஊரில் நடந்த சம்பவம்போலப் பேசுவார்கள். "அது அப்படி நடக்கல, இப்படித்தான் நடந்துச்சு" என்று காட்சிகளுக்குத் திருத்தம் சொல்கிற தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் படத்துத் தாராவியில் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட செட். அவருக்கும், ஒளிப்பதிவுக்காக பி.சி. ஸ்ரீராமுக்கும், நடிப்புக்காகக் கமல்ஹாசனுக்கும் தேசிய விருது கிடைத்தது. மூன்று பேரில் என் ஓட்டு தரணிக்குத்தான். அது செட் என்று எத்தனை முறை சொன்னாலும் அம்மா நம்புவதில்லை. "ஏட்டி, அது இங்க எடுத்த படம்லா. எனக்குத் தெரியாதா நம்ம சந்து?" இந்தச் சந்தில் தினமும் தண்ணீர்க் குடம் தூக்கி நடந்த ஒரு பெண்ணையே நம்ப வைத்துவிட்டது அந்த செட். ஒரு கலை இயக்குநருக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

ஒரு நாள் ராத்திரி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்க்காமல் அந்தப் படத்தைக் கேட்டேன். கமலின் குரலை அப்போதுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். இளம் வேலுவின் குரல் நெஞ்சிலிருந்து வருகிறது. வயசான நாயக்கரின் குரலில் பாதி மூச்சு, பாதிதான் சொல். மேக்கப்பை எடுத்துவிட்டால்கூட அந்தக் கிழவர் அங்கே இருப்பார். ஆனால் அவரைச் சுற்றித் தெரு இல்லை. மழை இருக்கிறது, இளையராஜாவின் இசை இருக்கிறது, வசனம் பளிச்சென்று கேட்கிறது. கண்ணுக்கு நெரிசலான சந்து, காதுக்கோ கதவைச் சாத்திய ஒரு அறை.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு, அந்தக் காரணத்தைத் தேடிப் படித்தபோது சினிமாவின் மேல் எனக்கு ஆசை கூடித்தான் போனது. ஸ்டுடியோ தளத்துக்குள்ளேயே படமெடுத்த காலத்தில் வசனத்தை அங்கேயே பதிவு செய்தார்கள். கேமராவின் இரைச்சல் மைக்கில் விழாதபடி அதை மூடி வைக்க முடிந்தது. பிறகு தோளில் தூக்கிப் போகக்கூடிய ஆரிஃப்ளெக்ஸ் மாதிரிக் கேமராக்கள் வந்தன. எடை குறைவு, வெளியில் எங்கேயும் கொண்டுபோகலாம், ஆனால் ஓடும்போது கரகரவென்று சத்தம் போடும். 1977-இல் '16 வயதினிலே' தமிழ் சினிமாவைத் தளத்திலிருந்து வயக்காட்டுக்கு இழுத்துப் போனது. வானம் கிடைத்தது, மண் கிடைத்தது, வெயில் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை, படப்பிடிப்பில் பதிவாகும் குரல் வெறும் பைலட் டிராக், அதாவது பிறகு டப்பிங் பேசுவதற்கு வழிகாட்டி மட்டும், ஆனதுதான். நடிகர் மாதக்கணக்கு கழித்து ஒரு இருட்டு அறையில் நின்று, திரையில் அசையும் தன் உதட்டுக்குத் தானே பேச வேண்டும். ஓடி வந்து மூச்சிரைத்ததை அசையாமல் நின்றுகொண்டு இரைத்துக் காட்ட வேண்டும்.

இந்த நுட்பமெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது என் அத்தை மகன். அந்தேரிப் பக்கம் இந்தி வெப் சீரிஸ்களில் பூம், அதாவது நீளக் கம்பி முனையில் மாட்டிய மைக், பிடிக்கிறான். அத்தான் என்று கூப்பிட வேண்டிய முறை, வயசு வித்தியாசம் இல்லாததால் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் சத்தமே போடுவதில்லை என்பதால் பழைய தொல்லை தீர்ந்துவிட்டது என்பான். சட்டைக்குள் ஒளித்து வைக்கும் லேப்பல் மைக் ஒன்று, ஃபிரேமுக்கு வெளியே நீளும் பூம் ஒன்று, எங்கோ தள்ளி நிறுத்தப்பட்ட ஜெனரேட்டர், ஃபேனை அணைக்கச் சொல்லிக் கெஞ்சுகிற ஒரு உதவியாளர், அவ்வளவுதான் லைவ் சவுண்ட், அதாவது படமெடுக்கும்போதே குரலையும் பதிவு செய்வது. அவன் சொன்னதில் என்னை மிகவும் தொட்டது வேறு ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் ஷாட் முடிந்ததும் யாரையும் அசைய விடாமல் நிறுத்தி, அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் கொஞ்ச நேரம் தனியாகப் பதிவு செய்வார்களாம். ரூம் டோன் என்று பெயர். எந்த அறையும் உண்மையில் அமைதியாக இருப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு இரைச்சல் உண்டு என்பான். அதைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டின் இரைச்சல் என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

என்னவெல்லாம் கேட்கிறது தெரியுமா? விடிவதற்கு முன்பே ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அமுக்கிக்கொண்டு இட்லி அண்ணன்மார் சைக்கிளில் கிளம்புவார்கள். மும்பை பாதிக்குக் காலை இட்லி எங்கள் சந்துகளிலிருந்துதான் போகிறது. ஒரு பக்கம் மாகிமில் வெஸ்டர்ன் லைன், மறு பக்கம் சயானில் சென்ட்ரல் லைன். ராத்திரி அடங்கின பிறகு எந்தப் பக்கத்து ரயில் என்று சத்தத்தை வைத்தே சொல்லலாம். தோல் பை தைக்கிற மெஷின்கள், 13-வது காம்பவுண்டில் பிளாஸ்டிக் அரைக்கிற மெஷின்கள், பாங்கு, சர்ச் மணி, பிள்ளையார் கோயில் ஸ்பீக்கரில் சீர்காழி. இவற்றுக்கு நடுவில்தான் நாங்கள் பேசுகிறோம், இவற்றைவிட உரக்கப் பேசுகிறோம். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எங்களைப் பார்த்து "ஏன் சண்டை போடுறிய?" என்று கேட்பார்கள். சண்டை இல்லை. பக்கத்தில் மெஷின் ஓடுகிறது.

பேச்சும் அப்படியே. தம்பி என் காதுபட நண்பனிடம் பேசுவது இது: "ஜல்தி வாலே, நாக்காவுல நிக்கேன், கட்டிங் அடிச்சிட்டு போவோம்." நாக்கா என்றால் தெருச் சந்திப்பு, கட்டிங் என்றால் அரை கிளாஸ் டீ. அதே வாயால் அம்மாவிடம் சுத்தத் திருநெல்வேலி, டியூஷன் டீச்சரிடம் மராத்தி, போலீஸ்காரரிடம் பவ்யமான இந்தி. ஒரே ஆளுக்கு நாலு குரல். எந்த நடிகருக்கும் இது தீனி. இதைத்தான் தமிழ்ப் படங்களில் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

2018-இல் 'காலா' வந்தது. பா. இரஞ்சித் எங்களைப் பற்றி, எங்கள் நிலத்தைப் பற்றி, யார் அதற்குச் சொந்தக்காரர்கள் என்பதைப் பற்றி இவ்வளவு பகிரங்கமாகப் பேசிய படம் வேறு இல்லை. கறுப்பும் சிவப்பும் நீலமுமாகப் பொடி பறக்கிற அந்தக் கடைசிக் காட்சியில் நான் அழுதேன், இப்போதும் அழுவேன். கொஞ்சம் இங்கே எடுத்துவிட்டு, மீதித் தாராவியைச் சென்னை இ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் செட்டாகப் போட்டார்கள். ரஜினிகாந்தை வைத்துக்கொண்டு எங்கள் சந்துக்குள் மாதக்கணக்கில் படமெடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். மாட்டுங்கா அரோரா தியேட்டரில் ரஜினி படத்தின் முதல் நாள் எப்படி இருந்தது என்று அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆளே வேண்டாம், பெயர் திரையில் வந்தாலே தெரு அடைத்துவிடுமாம்.

அந்தப் படத்தில் என்னைக் கட்டிப்போட்டது காலாவின் மனைவி செல்வி. ஈஸ்வரி ராவ் வாயைத் திறந்ததும் எங்கள் அத்தை, சித்தி, மாடி வீட்டு ஆச்சி எல்லாரும் ஒன்றாகத் திரையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. புருஷனைத் திட்டுகிற வேகம், நடுவில் குரல் உடைந்து சிரிப்பாக மாறுவது, சோறு வைத்துக்கொண்டே பேசுவது. என்னைக் கேட்டால் அந்த வருஷத்தின் சிறந்த நடிப்பு அதுதான். ரஜினிக்கு எதிரில் நின்று ஒருவர் ஒரு காட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போவது சுலபம் இல்லை. பாடல்களில் டோப்அடெலிக்ஸ் குழுவினர் ராப் பாடினார்கள். எங்கள் தாராவிப் பையன்கள். அவர்கள் குரல் வந்த இடங்களில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சீட்டின் மேல் ஏறி நின்றார்கள்.

செல்வி ஊரிலிருந்து வந்த தலைமுறையின் குரல், ராப் பாடிய பையன்கள் இங்கேயே பிறந்த தலைமுறையின் குரல். முதலாவதற்குக் கதையில் இடம் கிடைத்தது. இரண்டாவதற்குப் பாட்டில் மட்டும். வசனம் பேசும் இளைஞர்களைக் கேட்டால் இந்த 90 அடி ரோட்டில் வளர்ந்தவர்கள் என்று என் காது ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு அக்கறையாக எடுத்த படத்திலேயே இது விடுபட்டுப் போனதுதான் எனக்கு ஆற்றாமை.

முடியாத காரியமா இது? இந்தியில் 2001-இல் 'லகான்' முழுக்க முழுக்க லைவ் சவுண்டில் வந்தது; அதன் ஒலிப்பதிவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அதற்குப் பிறகு மும்பையில் மெல்ல மெல்ல அதுவே வழக்கமாகிவிட்டது. தமிழில் 2004-இலேயே 'விருமாண்டி'யில் கமல் செய்து காட்டினார். அந்தப் படத்தின் சத்தக்காடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறி விழுந்து பேசுவார்கள். டப்பிங் அறையில் ஒவ்வொருவராக நின்று பேசினால் அது வரவே வராது. ஆனாலும் பெரிய படங்கள் இன்றுவரை டப்பிங்கைத்தான் நம்புகின்றன.

2024-இல் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' வந்தபோது எனக்கு நம்பிக்கை திரும்பியது. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ, பைக், சேவல், காற்று, மனிதர்கள். சூரிக்குப் படம் முழுக்கத் தொண்டை கட்டியிருக்கும். கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கரகரத்த குரலில் அதட்டிக்கொண்டே வருவார். அன்னா பென் ஏறக்குறையப் பேசவே மாட்டார். எல்லாரையும் அதட்டுகிறவனுக்குக் குரல் எழும்பவில்லை, பேச மறுக்கிறவளின் மௌனம் அத்தனை பேரையும் ஆட்டிவைக்கிறது. கதையையே தொண்டைக்குள் வைத்து எழுதியிருக்கிறார் வினோத்ராஜ் என்று தோன்றியது. இசை இல்லாததால் படம் 'ஸ்லோ' என்று என் தோழிகள் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கே பயப்பட வேண்டும், எங்கே அழ வேண்டும் என்று வயலின் வந்து சொல்லிக் கொடுக்காதபோது நாம்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கவனிப்பைச் சிலர் நேரம் ஓடவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அதே வருஷம் எங்கள் ஊரை வைத்தே ஒரு படம். பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்', கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கியது. மும்பையில் வேலை பார்க்கும் மலையாளி நர்ஸ்களின் கதை. தொடக்கத்தில் கதாபாத்திரங்கள் வருவதற்கு முன்பே, ராத்திரிச் சந்தையும் கூட்டமும் ஓட ஓட, முகம் காட்டாத மனிதர்கள் தங்கள் தங்கள் மொழியில் இந்த ஊரைப் பற்றிப் பேசுகிறார்கள். தியேட்டரில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதுதான் மும்பை, இங்கே முதலில் கேட்பது குரல், அப்புறம்தான் முகம். அந்த நர்ஸ்கள் பிரபாவும் அனுவும் தங்களுக்குள் மலையாளம் பேசி, வெளியில் வந்து இந்திக்கு மாறும்போது அவர்கள் தோள்கூட மாறுகிறது. மலையாளிகளுக்கு அப்படி ஒரு மும்பைப் படம் கிடைத்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் இங்கே இருக்கிற எங்களுக்கு எப்போது?

இப்படிப் பேசினால் டப்பிங் கலைஞர்களுக்கு நான் எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. நேர்மாறு. தமிழ் நடிப்பின் நல்ல பள்ளிக்கூடங்களில் ஒன்று அந்த இருட்டு அறை என்று உறுதியாக நம்புகிறேன். விக்ரம் பெரிய நடிகர் ஆவதற்கு முன் 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர். அவருக்கு 'பிதாமகன்' படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தபோது அந்தக் கதாபாத்திரத்துக்கு வசனம் ஏறக்குறைய இல்லை, உறுமலும் மூச்சும்தான். வருஷக்கணக்கில் மைக் முன் நின்றவருக்குத்தான் சொல் இல்லாமலும் பேச வரும். எம்.எஸ். பாஸ்கரும் டப்பிங்கிலிருந்து வந்தவர். 'பார்க்கிங்' படத்தில் அவர் மெதுவாகப் பேசும்போதுதான் அதிகம் பயமாக இருக்கிறது. அந்தப் படம் அவருக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. 'காலா'வில் லெனினாக வந்த மணிகண்டன் மிமிக்ரியும் டப்பிங்கும் செய்தவர். 'ஜெய் பீம்' ராசாக்கண்ணுவையும், குறட்டையால் வாழ்க்கையே தடுமாறுகிற 'குட் நைட்' மோகனையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், இரண்டும் ஒரே தொண்டை என்று சொல்ல முடியாது. என் தலைமுறை நடிகர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். காரணம் அவர் காது.

'96' படத்து ஜானுவை எல்லாரும் த்ரிஷா என்கிறார்கள். பாதி ஜானு சின்மயி. அந்தத் தயக்கம், அந்தச் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது, எல்லாம் இரண்டு பெண்கள் சேர்ந்து செய்த நடிப்பு. இப்படிக் குரல் கொடுத்தவர்களின் பெயரைப் போஸ்டரில் நடிகையின் பெயருக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். கடைசியில் கூட்டம் எழுந்து போகும்போது ஓடும் எழுத்துகளில் அல்ல. என்னுடைய மறுப்பெல்லாம், எங்கள் தெருவில் வளர்ந்த கதாபாத்திரத்துக்கு எங்கள் தெருவையே கேட்டிராத ஒருவரைப் பேச வைப்பது பற்றித்தான்.

தாராவியில் மைக் வைத்தால் ஒரு வசனமும் தேறாது, கூட்டத்தை யார் கட்டுப்படுத்துவது என்று கேட்பார்கள். அத்தை மகனிடம் இதைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் பல ஓடாது, ராத்திரி இரண்டு மணிக்கு மேல் ரயில் நின்றுவிடும், தெருக்காரர்களையே உதவியாளர்களாக வைத்துக்கொண்டால் அவர்களே கூட்டத்தை அடக்கிவிடுவார்கள் என்றான். பெரிய ஹீரோ வேண்டாம். பார்த்துப் பழகிய முகங்கள் போதும். தவிர, பின்னால் மெஷின் ஓடுவதால் ஒரு வசனம் பாதி கேட்கவில்லை என்றால் கேட்காமல் போகட்டும். எங்கள் வாழ்க்கையில் பாதி வசனம் அப்படித்தான், "என்னது?" என்று திரும்பக் கேட்டுத்தான் பேசிக்கொள்கிறோம்.

எனக்கு அவசரம் வேறு காரணத்தால். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் எடுத்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. யாருக்கு வீடு கிடைக்கும், யாரை எங்கே அனுப்புவார்கள் என்பது பெரிய பேச்சு, அதை இங்கே தொடவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: இந்தச் சந்துகள் போய் மாடிக் கட்டடங்கள் வந்தால் சத்தம் மாறிவிடும். சுவரை நாளைக்குத் தரணி போன்ற ஒருவர் போட்டோவைப் பார்த்து மறுபடி கட்டிவிடலாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிர் வீட்டோடு பேசுகிற பேச்சைப் போட்டோ பார்த்துக் கட்ட முடியாது.

அதனால் நாங்களே ஆரம்பித்துவிட்டோம். அத்தை மகனுக்கு ஷூட்டிங் இல்லாத ஞாயிறுகளில் ஒரு கையடக்க ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு சுற்றுகிறோம். இட்லி ஹாரன் கிடைத்துவிட்டது. பொங்கலன்று 90 அடி ரோட்டில் வரிசையாகப் பானை பொங்கும்போது போடுகிற குலவை கிடைத்துவிட்டது. அம்மாவும் மாடி வீட்டு ஆச்சியும் மாதச் சீட்டுக்காக வாக்குவாதம் செய்ததை இருவரிடமும் அனுமதி கேட்டுப் பதிவு செய்திருக்கிறோம். குயவர்கள் இருக்கிற கும்பார்வாடாவில் சக்கரம் சுற்றும் சத்தமும், தோல் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரப் பேச்சும் இன்னும் பாக்கி. எங்கள் பக்கத்தை வைத்துத் தமிழில் படமெடுக்க வருகிற யாருக்கும் இவற்றை அப்படியே தருவோம், காசு வேண்டாம். ஒரே நிபந்தனை, படத்தில் பேசுகிறவர்களில் பாதிப் பேராவது இந்தத் தெருக்காரர்களாக இருக்க வேண்டும், அவர்கள் குரல் படப்பிடிப்பு நடக்கிற இடத்திலேயே பதிவாக வேண்டும்.